இளைத்துப் பிறந்த ஜீப்

2001 ஜூனில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டொலீடோ நகரில் ஜீப் செரோக்கியின் உற்பத்தி நின்றது. 1984 மாடலாகக் கடைக்கு வந்த வண்டி அது. 18 மாடல் ஆண்டுகள் ஓடியது. அடிப்படை அமைப்பு கடைசிவரை மாறவில்லை, முகமும் ஏறக்குறைய அதேதான். 28 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். நின்று இத்தனை ஆண்டு ஆன பிறகும், நல்ல நிலையில் உள்ள ஒன்றுக்குப் பழைய வண்டிச் சந்தையில் கிராக்கி குறையவில்லை. அதைப் பற்றிய பேச்சில் மட்டும் ஆய்வு குறைந்து பக்தி மிகுந்துவிட்டது. பக்தி எந்த வண்டிக்கும் நியாயம் செய்யாது. இந்த வண்டியின் உண்மையான சாதனை எது, அதற்குச் சேராத புகழ் எது, அது ஏற்க வேண்டிய பழி எது என்று பிரித்துப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 1974-லேயே ஒரு பெரிய ஜீப்புக்குச் செரோக்கி என்று பெயர் இருந்தது. 2013-ல் முற்றிலும் வேறொரு வண்டிக்கும் அதே பெயரைச் சூட்டினார்கள். நான் எடைபோடுவது இடைப்பட்டதை. நிறுவனத்தின் உள்குறியீட்டில் எக்ஸ்ஜே எனப்பட்டதை. செரோக்கி என்பது ஓர் உயிருள்ள மக்களினத்தின் பெயர். தங்கள் பெயரை ஒரு வண்டியின் பக்கவாட்டில் ஒட்டுவது தங்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது என்று 2021-ல் செரோக்கி நேஷனின் தலைவர் சக் ஹாஸ்கின் ஜூனியர் வெளிப்படையாகவே சொன்னார். நியாயமான பேச்சு. ஆகவே இனி எக்ஸ்ஜே என்றே எழுதுகிறேன்.

இந்த வண்டியின் கரு உருவான காலத்தைத் தெரிந்துகொள்ளாமல் இதை மதிப்பிட முடியாது. அமெரிக்கன் மோட்டார்ஸ், சுருக்கமாக ஏஎம்சி, டெட்ராய்ட்டின் மூன்று பெரிய நிறுவனங்களுக்குப் பக்கத்தில் தள்ளாடி நின்ற நாலாவது நிறுவனம். 1970-ல் கைசரிடமிருந்து ஜீப்பை வாங்கியிருந்தது. 1979-ல் ஈரானியப் புரட்சியை ஒட்டி எண்ணெய் விலை ஏறியபோது அதன் கையில் இருந்த பெரிய ஜீப் 1963-ல் வடிவம் பெற்ற வேகனீர். வி8 எஞ்சினோடு பெட்ரோலைக் குடித்துத் தீர்த்தது. அதே ஆண்டு பிரான்ஸின் ரெனோ உள்ளே நுழைந்தது. சில ஆண்டுகளிலேயே அதன் பங்கு 46 சதவீதத்தை எட்டியது. போதாக்குறைக்கு 1980 டிசம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி, சிறிய ஜீப்பான சிஜே-5 சட்டென்ற திருப்பத்தில் குடைசாய்வதை நாடு முழுக்கக் காட்டிவிட்டது. கையில் பணம் இல்லை, வாங்குபவனுக்குப் பெட்ரோல் கட்டுப்படி ஆகவில்லை, இருந்த நல்ல பெயரும் ஆட்டம் கண்டது.

எக்ஸ்ஜேயின் ஒவ்வொரு முடிவிலும் இந்த நெருக்கடியின் தடம் இருக்கிறது. வசதியான நிறுவனம் ஒன்று இப்படி ஒரு வண்டியைச் செய்திருக்காது என்பது என் துணிபு. ஃபோர்டிடம் ரேஞ்சர் என்ற சிறு பிக்கப் இருந்தது. அதன் சேஸிமேல் ஒரு கூண்டை ஏற்றி பிராங்கோ 2 என்று விற்றது. ஜெனரல் மோட்டார்ஸிடம் எஸ்-10 பிக்கப் இருந்தது. அது எஸ்-10 பிளேசர் ஆனது. ஏஎம்சியிடம் கடன்வாங்கிக்கொள்ளச் சிறு பிக்கப் எதுவும் இல்லை. அதனால் வெறுந்தாளிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இல்லாமை சில நேரம் அப்படித்தான் வழி காட்டுகிறது.

வழிநடத்திய பொறியாளர்கள் இருவர். ராய் லன் இங்கிலாந்தில் பிறந்தவர். லே மான்ஸ் பந்தயத்தை வென்ற ஃபோர்டு ஜிடி40-இன் உருவாக்கத்தைத் தலைமையேற்று நடத்தியவர். பிரான்ஸ்வா காஸ்டாங் ரெனோவின் பந்தயப் பிரிவிலிருந்து வந்தவர். பந்தய வண்டி செய்பவனுக்கு எடைதான் முதல் எதிரி. ஜீப்போ அதுவரை கனத்தையே பலமாக எண்ணிய வண்டி. அந்த எண்ணத்தை உடைக்கும் வேலை பந்தயக்களத்திலிருந்து வந்த இருவர் கையில் சேர்ந்ததை நான் தற்செயலாகக் கருதவில்லை. வெளித்தோற்றம் டிக் டீகின் பிரிவிலிருந்து வந்தது. பெட்டி போன்ற வடிவம்தான். ஆனால் அளவு பிசகாத பெட்டி. முகப்பை மறைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் ஜீப் என்று சொல்லிவிடலாம். 1997-ல் ஓரங்களைக் கொஞ்சம் மழுங்கடித்தார்கள். மூலத்தைத் தாண்டி அது ஒன்றும் சேர்த்துவிடவில்லை.

இப்போது வண்டியின் உயிர்நாடிக்கு வருவோம். நாமக்கல், கரூர் பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கூரையோ கதவோ இல்லாத வெறும் சேஸியை ஒருவர் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு வருவார். பட்டறையில் அதன்மேல் பாடி ஏறும். சேஸி சுமக்கும், பாடி சும்மா உட்கார்ந்து வரும். அக்காலத்து ஜீப்புகளும் பெரும்பாலான கரடுமுரடு வண்டிகளும் இந்த ஏணிச் சட்ட முறையில் செய்யப்பட்டவை. கார்களோ பாடியே சேஸியாக அமைந்தவை. தரை, தூண், கூரை எல்லாம் சேர்ந்து எடையைத் தாங்கும். மோனோகாக் என்பது இதைத்தான். எக்ஸ்ஜேக்கு லன் குழுவினர் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டார்கள். தரைத்தகட்டின் அடியில் ஏணிச் சட்டம் போன்ற நீளப் பெட்டிக் கம்பிகளை நிரந்தரமாக வெல்டிங் செய்து, பாடியோடு ஒரே உடம்பாக்கினார்கள். நிறுவனம் அதற்கு யூனிஃபிரேம் என்று பெயர் வைத்தது.

பலன் அளவுகோலில் தெரிந்தது. பெரிய வேகனீரைவிட 53 சென்டிமீட்டர் நீளம் குறைவு, 15 சென்டிமீட்டர் அகலம் குறைவு, 10 சென்டிமீட்டர் உயரம் குறைவு, எடையில் சுமார் 450 கிலோ குறைவு. மொத்த நீளம் 4.2 மீட்டர்தான், இன்றைய எஸ்யூவிகளோடு நிறுத்தினால் சின்ன வண்டி. உள்ளே ஐந்து பேருக்கு இடம் இருந்தது. அரை டன்னை உதறிய பிறகும் அது ஜீப்பாகவே இருந்தது. எக்ஸ்ஜேயின் சாதனை என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஜீப்பாகவே இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும் அல்லவா? அது முன் ஆக்சிலில் இருக்கிறது. பிராங்கோ 2, எஸ்-10 பிளேசர் இரண்டும் முன்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்புக்குப் போய்விட்டன. எக்ஸ்ஜே, இரு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் கட்டை ஆக்சிலை விடவில்லை. ஆனால் பழைய ஜீப்பின் பட்டை ஸ்பிரிங்கை முன்பக்கம் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங்கை வைத்தது; ஆக்சிலை நான்கு இணைப்புக் கம்பிகளாலும் குறுக்கே ஒரு கம்பியாலும் பிடித்துக்கொண்டது. குவாட்ரா-லிங்க் என்று அழைத்தார்கள். கட்டை ஆக்சிலில் ஒரு சக்கரம் பாறைமேல் ஏறினால் மறுசக்கரம் தரையை நோக்கி அழுந்தும், வண்டியின் அடிவயிறும் பாறையை விட்டு விலகியே நிற்கும். சுருள் ஸ்பிரிங் இருந்ததால் அந்த ஏற்ற இறக்கத்துக்கு நீளம் கிடைத்தது, தார்ச்சாலையில் குலுக்கலும் குறைந்தது. பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்தான் தொடர்ந்தது. அது சிக்கனத்துக்காகச் செய்த சமரசம். பாரம் ஏற்றாதபோது பின்னிருக்கை அதைச் சொல்லிக்காட்டும்.

ஆக, போட்டி நிறுவனங்கள் சேஸியை வைத்துக்கொண்டு ஆக்சிலை விட்டன. எக்ஸ்ஜே சேஸியை விட்டு ஆக்சிலை வைத்துக்கொண்டது. எது கனம், எது திறன் என்று சரியாகப் பிரித்தறிந்த மூளை இந்த ஒரு முடிவில் தெரிகிறது. நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் பெட்டியில் தாழ்வேகப் பல்லும் இருந்தது. வேகத்தை ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறைத்து இழுவையை அதே அளவு கூட்டும் பல் அது. செலெக்-டிராக் என்ற அமைப்பை வாங்கியவர்கள் மழையிலும் பனியிலும் தார்ச்சாலையிலேயே நான்கு சக்கர இழுவையோடு ஓட்டலாம். கமாண்ட்-டிராக் வாங்கியவர்கள் வழுக்குத் தரையில் மட்டும்.

உலகிலேயே முதன்முதலாக மோனோகாக் உடலில் செய்த கரடுமுரடு வண்டி எக்ஸ்ஜேதான் என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. சோவியத் ஒன்றியத்தின் லாடா நிவா 1977-லேயே மோனோகாக் உடலும் நிரந்தர நான்கு சக்கர இழுவையுமாக வந்துவிட்டது. கட்டை ஆக்சிலோடு சுருள் ஸ்பிரிங்கைச் சேர்த்ததிலும் எக்ஸ்ஜே முதலில்லை. 1970-ல் ரேஞ்ச் ரோவர் செய்தது. நான்கு கதவும் ஆட்டோமேட்டிக் கியரும் கொண்ட குடும்ப ஜீப் 1963-லேயே ஏஎம்சிக்கு முன்பிருந்த கைகளால் செய்யப்பட்டது, அதுதான் வேகனீர். ஏஎம்சியே கூட 1980 மாடலான ஈகிள் காரில் மோனோகாக் உடலுக்கு நான்கு சக்கர இழுவை கொடுத்துப் பழகியிருந்தது. முதன்மைப் பட்டத்தை எடுத்துவிட்டால் எக்ஸ்ஜேக்கு என்ன மிச்சம் என்று கேட்கலாம். நிவாவில் இருந்தவை இரண்டே கதவுகள், முன்பக்கம் கட்டை ஆக்சிலும் இல்லை. ரேஞ்ச் ரோவர் ஏணிச் சட்டத்தின்மேல் நின்றது. விலையும் எட்டாத உயரம். வேகனீரின் கனத்தைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன். இலேசான உடல், கட்டை ஆக்சில், நான்கு கதவு, நடுத்தர வர்க்கத்துக்கு எட்டும் விலை ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடியது எக்ஸ்ஜேயில்தான். அந்தச் சேர்க்கைக்குரிய பெருமையை அதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

நான்கு கதவு சாதாரண விஷயம் போலத் தோன்றும். சந்தையில் எல்லாவற்றையும் தீர்மானித்தது அதுதான். பிளேசரும் பிராங்கோ 2-உம் இரண்டு கதவுகளோடுதான் விற்றன. பிள்ளைகளைப் பின்னிருக்கையில் ஏற்ற முன்னிருக்கையை மடக்க வேண்டாத சிறிய எஸ்யூவி வேண்டுமென்றால், உள்நாட்டு நிறுவனங்களின் வண்டியே வாங்கும் அமெரிக்கக் குடும்பம் ஜீப் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. 1990-ல் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வரும் வரைக்கும் இந்த நிலை நீடித்தது.

எஞ்சினைப் பற்றி எழுதும்போதுதான் எக்ஸ்ஜே அன்பர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு வருகிறது. அவர்களுக்கு எக்ஸ்ஜே என்றால் 4.0 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். அது வந்தது 1987 மாடலில்தான். முதல் மூன்று ஆண்டு வண்டிகளில் ஏஎம்சியின் 2.5 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து வாங்கிய 2.8 லிட்டர் வி6 கிடைத்தது. போட்டியாளனிடம் வாங்கிய அந்த வி6 கார்புரேட்டர் எஞ்சின். அதன் இழுவை யாரையும் திருப்திப்படுத்தவில்லை. பிறகு வந்த 4.0 முதலில் 173 குதிரைத்திறனும், 1991 முதல் 190 குதிரைத்திறனும் கொடுத்து இந்தக் குறையைத் தீர்த்தது. அதன் குலம் 1964-ல் ஏஎம்சி அறிமுகப்படுத்திய ஆறு சிலிண்டர் எஞ்சினிலிருந்து வருகிறது. வார்ப்பிரும்பு பிளாக், வார்ப்பிரும்பு ஹெட், கிராங்கைத் தாங்க ஏழு பேரிங். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியும் ஹெட்டைத் திறக்காத வண்டிகள் அபூர்வமல்ல.

இதெல்லாம் உண்மை. ஆனால் இந்த எஞ்சின் நீண்ட நாள் வாழ்ந்ததற்கு அதன் உறுதி மட்டுமா காரணம்? சுமார் 300 நியூட்டன்-மீட்டர் முறுக்கு விசையைத் தாழ்ந்த சுற்றிலேயே தரும் எஞ்சினுக்கு ஒன்றரை டன் அளவு வண்டி ஒரு பாரமே இல்லை. அது ஒருபோதும் மூச்சிரைக்க நேரவில்லை. எஞ்சினின் ஆயுளில் பாதியை உடம்பின் இலேசு கொடுத்தது என்பேன். இன்னொன்று, இந்தப் பெரிய எஞ்சின் மூலத் திட்டத்தின் தர்க்கத்துக்கே எதிரானது. எண்ணெய் நெருக்கடியில் பிறந்த வண்டி இது; எடை குறைந்தால் சின்ன எஞ்சின் போதும் என்பதுதான் காஸ்டாங்கின் கணக்கு. பெட்ரோல் மலிந்ததும் அந்தக் கணக்கை மறந்து பெரிய எஞ்சினை ஏற்றினார்கள். நகரத்தில் லிட்டருக்கு 6, 7 கிலோமீட்டர் தருவது எடை குறைத்த வண்டிக்குப் பெருமை சேர்க்கும் கணக்காகாது. வண்டி விற்றதற்கு 4.0 காரணம், வண்டி சிறந்ததற்கு அது காரணமில்லை.

குறைகளும் உண்டு. 1990 வரையிலான எஞ்சின்களின் மூடிய கூலன்ட் அமைப்பு வெயில் காலத்தில் தொல்லை கொடுத்தது. தாழ்ந்த முகப்புக்குள் அடங்க வேண்டியிருந்ததால் ரேடியேட்டர் எல்லா ஆண்டுகளிலுமே சிறிதுதான். 2000, 2001 வண்டிகளில் வைத்த, 0331 என்று வார்ப்பெண் கொண்ட ஹெட் நடுவில் விரிசல் விட்டுக் கூலன்ட்டை எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். உடையவே உடையாத எஞ்சின் என்று சொல்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

உடம்பின் குறைகள் அதன் குணங்களோடு பிணைந்தவை. கட்டை ஆக்சிலின் இணைப்புகளில் புஷ் தேய்ந்துவிட்டால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சிறு குழியில் விழுந்ததும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் உதறும். வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும். ஓட்டுபவர்கள் அதை மரண உதறல் என்றே சொல்கிறார்கள். பெரிய டயர் மாட்டி மலைப்பாதையில் வதைத்த வண்டிகளில் ஸ்டியரிங் பெட்டி பொருந்தும் இடத்தில் சட்டம் கீறல் விடுவது வழக்கம். ஏணிச் சட்ட வண்டியானால் அங்கே தடித்த இரும்பு இருந்திருக்கும். இலேசுக்குக் கொடுத்த விலை இது. தரைத்தகடு துருப்பிடித்தால் ஒரு தகடு போனது என்று விட்டுவிட முடியாது, பாரம் தாங்கும் உறுப்பே போகிறது. பின்கதவின் வாய் குறுகல். சக்கர வளைவு அதைத் தின்றுவிட்டது. ஸ்டெப்னி டயர் டிக்கிக்குள் நட்டுக்குத்தாக நின்று சாமான் வைக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இவற்றை நான் மன்னிக்கக்கூடிய குறைகளாகவே கருதுகிறேன். 4.2 மீட்டருக்குள் எல்லாவற்றையும் வைக்க முயன்றால் எங்காவது இடிக்கத்தான் செய்யும்.

சீனக் கதையைச் சுருக்கமாகவாவது சொல்லியாக வேண்டும். 1983-ல் ஏஎம்சி பெய்ஜிங்கில் ஒரு கூட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போட்டது. மேற்கத்திய வாகன நிறுவனம் ஒன்று சீன மண்ணில் கூட்டாக உற்பத்தி தொடங்கிய முதல் பெரிய முயற்சி அது. சீனத் தரப்பு கேட்டது தங்கள் பழைய ராணுவ ஜீப்புக்கு மாற்றாக, மேற்கூரையைக் கழற்றக்கூடிய புதிய வண்டியை. 1985-ல் பெய்ஜிங்கில் வெளிவந்ததோ பெட்டிகளில் பாகங்களாக வந்து இறங்கிப் பூட்டப்பட்ட எக்ஸ்ஜே. கூரையும் சேர்ந்து பாரம் சுமக்கும் மோனோகாக் உடலில் கூரையைக் கழற்றவே முடியாது. அந்த வண்டியின் பெரிய பலம் ராணுவத்தின் தேவைக்கு நேர்முரண். 1986-ல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் உற்பத்தியே முடங்கும் நிலை வந்து, மேலிடத் தலையீட்டால் சரியானது. ஜிம் மான் 1989-ல் எழுதிய ‘பெய்ஜிங் ஜீப்’ நூல் இதை விரிவாகச் சொல்கிறது. வாங்குபவனின் தேவையைக் கேட்காமல் தன் கையில் இருப்பதைத் திணித்த வியாபாரம் என்றே இதை நான் படிக்கிறேன். டொலீடோவில் நின்ற பிறகும் சீனாவில் சில ஆண்டுகள் இந்த வண்டி தொடர்ந்தது.

1986 நவம்பரில் ரெனோவின் தலைவர் ஜார்ஜ் பெஸ் பாரிஸில் தீவிரவாதிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்க முதலீட்டிலிருந்து விலக வேண்டும் என்ற குரல் ரெனோவுக்குள் வலுத்தது. 1987-ல் லீ அயகோக்காவின் கிரைஸ்லர் ஏஎம்சியை வாங்கியது. வாங்கியதற்கு முதல் காரணம் ஜீப் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அன்று ஜீப்பின் வருமானத்தைத் தாங்கி நின்றது எக்ஸ்ஜே. காஸ்டாங்கும் கிரைஸ்லருக்குப் போய் அதன் பொறியியல் தலைமைக்கு உயர்ந்தார். ஒரு வண்டி தன் நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை. ஆனால் அந்த நிறுவனத்தில் உயிரோடிருந்த பகுதியை இன்னொரு கைக்குப் பத்திரமாகக் கொண்டுசேர்த்தது.

புதிய கையில் அதற்கு நேர்ந்ததுதான் எனக்கு வருத்தம் தருவது. எக்ஸ்ஜேக்கு வாரிசாகத் திட்டமிட்ட கிராண்ட் செரோக்கி 1993 மாடலாக வந்தது. அது பெரிதாக, விலை கூடியதாக அமைந்துவிட்டதால் எக்ஸ்ஜே மலிவு விலை ஜீப்பாகத் தொடர்ந்தது. முதலீடு எப்போதோ திரும்பிவிட்டது. விற்ற ஒவ்வொன்றிலும் நல்ல லாபம். கறவை மாட்டைக் கறந்துகொண்டே இருந்து தீவனத்தைக் குறைத்தார்கள். ஓட்டுநருக்குக் காற்றுப்பை வந்தது 1995-ல். பக்கத்தில் உட்காருபவருக்கு 1997-ல். 1980-களின் தொடக்கத்து மோதல் அறிவோடு செய்த உடல் 2001 வரை விற்பனையில் இருந்தது. 1980-ல் தன் வண்டி குடைசாய்வதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பாடம் படித்த நிறுவனத்தின் வண்டி இது. அந்தப் பாடத்தைப் பிறகு வந்தவர்கள் தொடரவில்லை.

எல்லாவற்றிலும் கனமான குற்றச்சாட்டு பெட்ரோல் டேங்க் பற்றியது. எக்ஸ்ஜேயின் டேங்க் பின் ஆக்சிலுக்கும் பின்புறப் பம்பருக்கும் இடையில் இருந்தது. பின்னால் வேகமாக ஒரு வண்டி மோதினால் முதல் அடி விழும் இடம். அதே இடத்தில் டேங்க் வைத்த 1993–2004 கிராண்ட் செரோக்கி, 2002–2007 ஜீப் லிபர்ட்டி ஆகிய 27 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெறும்படி அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆணையம் 2013-ல் கிரைஸ்லர் நிறுவனத்தைக் கேட்டது. நிறுவனம் முதலில் மறுத்து, பிறகு ஒரு பகுதிக்கு மட்டும் ஒப்புக்கொண்டது. எக்ஸ்ஜே ஆணையத்தின் ஆய்வுக்குள் வந்தது. அந்தக் கோரிக்கையில் இடம்பெறவில்லை. சட்டப்படி அது தப்பித்தது. திறனாய்வில் தப்பிக்க முடியாது. 1984-ல் டேங்கை அங்கே வைத்ததற்குச் சாக்கு சொல்லலாம். அன்று பல வண்டிகளில் அப்படித்தான். ஆனால் 1970-களிலேயே ஃபோர்டு பின்ட்டோ வழக்குகள் இதே இடத்தின் ஆபத்தை நாட்டுக்கே சொல்லிவிட்டன. 1997-ல் முகப்பையும் உட்புறத்தையும் மாற்றக் காசு செலவழித்தவர்கள் டேங்கின் இடத்தைத் தொடவில்லை.

அடுத்தது, எக்ஸ்ஜே திறந்துவிட்ட கதவைப் பற்றிய குற்றச்சாட்டு. 1975-இல் இயற்றப்பட்ட அமெரிக்க எரிபொருள் சிக்கனச் சட்டத்தில் காருக்கு ஒரு வரம்பு, இலகு டிரக்குக்குத் தளர்ந்த வேறொரு வரம்பு. 1990-களின் பிற்பாதியில் கார்களுக்குக் கேலனுக்கு 27.5 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 11.7 கிலோமீட்டர், இலகு டிரக்குகளுக்கு 20.7 மைல், சுமார் 8.8 கிலோமீட்டர். எக்ஸ்ஜே உடம்பால் கார், சட்டத்தின் கண்ணில் டிரக். பெட்ரோலை அதிகம் குடிக்கும் கார்களுக்கான சிறப்பு வரியும் அதைத் தொடவில்லை. குடும்பம் ஏறிப் போகும் வண்டியை டிரக் என்று பதிவு செய்து விற்க முடியும், அதில் லாபம் கொழிக்கும் என்று டெட்ராய்ட்டுக்கு முதலில் காட்டியது இந்த வண்டிதான். கீத் பிராட்ஷர் 2002-ல் வெளியிட்ட ‘ஹை அண்ட் மைட்டி’ என்ற நூல் எஸ்யூவி அலையின் ஊற்றுக்கண்ணைத் தேடி ஏஎம்சியின் வாசலுக்கே போகிறது. அந்தக் குற்றச்சாட்டை என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஒரு திருத்தம் மட்டும் சேர்ப்பேன். எக்ஸ்ஜே காட்டியது சின்ன, இலேசான வண்டியை. அதைப் பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டது வேறு.

எடுத்துக்கொண்டவர்கள் இரண்டு கூட்டம். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எக்ஸ்ஜேயிடமிருந்து நான்கு கதவை எடுத்துக்கொண்டது. உடலை ரேஞ்சர் பிக்கப்பின் சேஸிமேலேயே வைத்தது. விற்பனையில் எக்ஸ்ஜேயை விரைவிலேயே முந்தியது. அந்த வழியில் போனவர்கள் 1990-களின் இறுதியில் ஃபோர்டு எக்ஸ்கர்ஷன் போன்ற ராட்சதங்களில் போய் நின்றார்கள். மறுபக்கம் டொயோட்டா ராவ்4, ஹோண்டா சிஆர்-வி. அவை மோனோகாக் உடலை எடுத்துக்கொண்டு கட்டை ஆக்சிலையும் தாழ்வேகப் பல்லையும் வேண்டாம் என்றன. கார் ஓட்டுவது போல இருக்கும், பாறை ஏறாது. இன்று தெருவில் ஓடும் எஸ்யூவிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வம்சம். எக்ஸ்ப்ளோரரே 2011 மாடலில் மோனோகாக்குக்கு மாறிவிட்டது. ஆக உடலமைப்பைப் பொறுத்தவரை எக்ஸ்ஜே சரியென்று காலம் ஒப்புக்கொண்டது. இலேசான உடலும் மலையேறும் கால்களும் ஒன்றாக இருக்கலாம் என்ற அதன் மையக் கருத்தை மட்டும் ஏறக்குறைய யாரும் தொடரவில்லை. கிராண்ட் செரோக்கி 2004 வரை அதே கருத்தைக் கூடுதல் எடையோடு சுமந்தது. எக்ஸ்ஜேயின் இடத்துக்கு 2002 மாடலாக வந்த லிபர்ட்டி, முன் கட்டை ஆக்சிலைக் கைவிட்டதோடு கணிசமாகக் கனமும் கூடியிருந்தது. எடையைக் குறைத்துப் பெயர் வாங்கிய இடத்தில் எடை கூடிய வாரிசு உட்கார்ந்தது.

தீர்ப்பைச் சொல்கிறேன். வடிவமைப்பு என்ற அளவில் எக்ஸ்ஜே 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்க வாகனப் பொறியியலின் உச்சங்களில் ஒன்று. அதன் வகையில் அதற்கு இணையாக இன்னொன்றை என்னால் நிறுத்த முடியவில்லை. அந்தப் பாராட்டு லன், காஸ்டாங், டீக் ஆகியோரின் குழுவுக்குச் சேர வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சினும் கையால் மாற்றும் கியரும் கொண்ட 1984 வண்டியை முன்னால் நிறுத்தியே இதைச் சொல்கிறேன், 4.0-இன் உதவி இதற்குத் தேவையில்லை. வாங்கி ஓட்டுவதற்கு எது நல்லது என்று கேட்டால் விடை வேறு: 1997 முதல் 1999 வரையிலான வண்டிகள். காற்றுப்பைகள் வந்துவிட்டன, எஞ்சின் பக்குவப்பட்டுவிட்டது, விரிசல் விடும் ஹெட் இன்னும் வரவில்லை. எஸ்யூவி யுகத்தின் தீங்குகளில் இதற்குப் பங்கு உண்டு. ஆனால் அது முதல் குற்றவாளியின் பங்கு ஆகாது, சட்டத்தின் ஓட்டைக்கும் அதை அகலப்படுத்தியவர்களுக்குமே பெரும்பங்கு.

பராமரித்து வளர்த்த பொறுப்பில் மட்டும் என் தீர்ப்பு கடுமையானது. ஏஎம்சியும் பிறகு கிரைஸ்லரும் எஞ்சினை மாற்றினார்கள், முகத்தைத் திருத்தினார்கள், டேங்கின் இரும்பைப் பிளாஸ்டிக் ஆக்கினார்கள். 2001-ல் டொலீடோவை விட்டு வெளியேறிய கடைசி வண்டியிலும் அந்த டேங்க் பின் ஆக்சிலுக்குப் பின்னால்தான் இருந்தது.